புதிய ஹைப்ரிட் டீ ரோஜா கண்காட்சிக்குத் தேறுமா என்பதை எப்போது முடிவு செய்வது?

கேள்வி: ஜனவரி 6

கோத்தகிரியில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு பருவமழைக்கு முன், புதிதாக வந்த ஹைப்ரிட் டீ (தண்டுக்கு ஒரு பெரிய பூ தாங்கும் ரோஜா வகை) ரகங்கள் மூன்றை வாங்கி நட்டேன். மூன்றுமே கண்காட்சிக்கு உரியவை என்றார் விற்றவர். ஒன்று மட்டும் நல்ல உருவத்தோடு பூத்தது. மற்ற இரண்டிலும் பூ பாதி விரிவதற்குள் நடுப்பகுதி கலைந்துவிடுகிறது. இந்தக் கவாத்தோடு அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாமா? புதிய ரகம் எப்போதுமே பழையதைவிட மேம்பட்டது என்கிறார்களே, அது சரிதானா?

ஜனவரி 7

பிடுங்க வேண்டாம். முதல் ஆண்டில் பூக்கும் பூவைக் கொண்டு ஒரு ரகத்தின் இயல்பைச் சொல்ல முடியாது. அந்தச் செடி நாற்றங்காலில் எப்படி வளர்க்கப்பட்டது என்பதைத்தான் சொல்ல முடியும். ஒட்டுக் கட்டிய இடம் இன்னும் முழுமையாகத் தேறியிருக்காது, வேர் குழியைத் தாண்டியிருக்காது, அடியிலிருந்து தடித்த புதுக்கிளை எழுந்திருக்காது. பென்சிலைவிட மெல்லிய தண்டின் நுனியில் வரும் பூவில் இதழ் குறைவாகவே இருக்கும். இதழ் குறைந்தால் நடுக்கூம்பு நிற்பதற்குத் தாங்கல் இருக்காது.

இதை முறையாகச் சோதிப்பவர்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏ.ஏ.ஆர்.எஸ். என்ற அமைப்பு புது ரோஜாக்களுக்குத் தந்த விருதுக்கான சோதனை இரண்டு ஆண்டுகள் நடந்தது. புது ரோஜாக்களுக்கான ஜெர்மனியின் ஏ.டி.ஆர். தரச் சோதனையில் ஒரு ரகம் நாட்டின் பல தோட்டங்களில் மூன்று ஆண்டுகள் நிற்க வேண்டும். நம் மலையில் முதன்மையான பூப்பு ஏப்ரல், மே மாதங்களில் வருவதால், அத்தகைய பூப்பு மூன்றைப் பார்த்த பிறகே ஒரு ரகத்தை விலக்குவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதியது எப்போதும் மேம்பட்டதா என்ற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பிரான்சின் மிஷேல் கிரிலோஃப் உருவாக்கிய ‘டச் ஆஃப் கிளாஸ்’ 1986-இல் ஏ.ஏ.ஆர்.எஸ். விருது பெற்றது. அதன் பிறகு கண்காட்சிப் பூ என்ற பட்டத்தோடு எத்தனையோ ரகங்கள் வந்து போய்விட்டன. அதுவோ இன்றும் கண்காட்சி மேசையில் வந்து நிற்கிறது. புதியது என்ற சொல் அந்த ரகம் வெளிவந்த ஆண்டைத் தவிர வேறு எதையும் உறுதி செய்வதில்லை.

ஜனவரி 7, இரவு

கவாத்தைப் பற்றியும் எழுத வேண்டும். முதல் ஆண்டுச் செடியை ஆழமாக வெட்டாதீர்கள். செத்த குச்சிகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் நீக்கி, மற்றவற்றை நுனியில் மட்டும் குறையுங்கள். இலை இருந்தால்தான் வேர் பெருகும். பெங்களூரில் கவாத்து செய்து ஏறக்குறைய ஏழு வாரத்தில் பூ வந்துவிடும் என்று அங்கே வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் உயரத்தில், குளிர்ந்த இரவுகளைக் கடந்து வர வேண்டியிருப்பதால், பத்து வாரத்துக்கும் மேல் ஆகிறது. மே மாதக் கண்காட்சிக்கு நாள் எண்ணும்போது சமவெளிக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜனவரி 19

‘நடுப்பகுதி கலைந்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு குறைகள் அடங்கியிருப்பதால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் மதிப்பீட்டில் மொத்தம் 100 புள்ளிகள். அவற்றில் உருவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் சேர்த்து 20, இதழின் திண்மைக்கு 15, சமநிலைக்கும் அளவொழுங்குக்கும் 10, பருமனுக்கு 10. உருவத்துக்குத்தான் அதிகம். ஹைப்ரிட் டீ பூவானது பாதி முதல் முக்கால் பங்கு வரை விரிந்த நிலையில், இதழ்கள் ஒரே ஒழுங்கில் சுழன்று ஏறி, நடுவில் உயர்ந்த கூம்பில் முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் வெளி இதழ்கள் வட்டமாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் கூம்பு தெளிவாகவும் தெரிய வேண்டும்.

கூம்பு இரண்டாகப் பிளந்திருந்தால் அது ஒரு குறை. இதழ்கள் சுழலாமல் எந்தத் திசையிலும் சேராமல் குழம்பிக் கிடந்தால் அது வேறொரு குறை. கூம்பு நன்றாக இருந்தும் இதழ் போதாமல் சீக்கிரமே திறந்து மகரந்தம் தெரிந்தால் அது மூன்றாவது. பிளந்த நடுவுக்குத் தழைச்சத்து மிகுதியும், மொட்டு உருவாகும் நாட்களில் வரும் கடுங்குளிரும் காரணமாகலாம். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்து இதழ் விளிம்பைச் சுரண்டினால் சுழற்சி கெடும். இவை இரண்டையும் நாம் திருத்தலாம். இதழ்க் குறைவு, செடி முதிர்ந்த பிறகும் குளிர்ந்த பருவத்திலும் தொடருமானால், அது அந்த ரகத்தின் பிறவிக் குணம். உங்கள் இரண்டு செடிகளில் எது எந்த வகை என்பதை இந்த ஏப்ரலில் குறித்து வையுங்கள்.

ஜனவரி 24

இதழ் எண்ணிக்கையைப் பற்றி மேலே எழுதியதற்கு ஓர் எல்லை சேர்க்க வேண்டும். ஒரே ரகம் குளிரில் கூடுதல் இதழ்களோடும், வெப்பத்தில் குறைந்த இதழ்களோடும் பூக்கும். ‘ஜெமினி’யைப் போல் முப்பது இதழ் அளவில் நிற்கும் ரகம் சமவெளிக் கோடையில் அவசரமாகத் திறந்துவிடும், இங்கே நிதானமாக விரியும். இதழ் மிகுந்த ரகமோ சமவெளியின் டிசம்பரில் அழகாக விரிந்து, நம் மழைமூட்டத்தில் மொட்டாகவே ஒட்டிக்கொண்டு அழுகும். ஆகவே அட்டையில் அச்சிட்ட இதழ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. உங்கள் உயரத்தில் வேறு யார் அதை வளர்க்கிறார்கள் என்று கேட்டு வாங்குவதே பயன் தரும்.

நிறமும் அப்படித்தான். 1977-இல் ஏ.ஏ.ஆர்.எஸ். விருது பெற்ற ‘டபுள் டிலைட்’ பூவின் விளிம்புச் சிவப்பு, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஏறும். அந்தக் கதிரைத் தடுக்கும் கூரையின் கீழ் அதே செடி வெளிறிய வெண்மஞ்சளாகப் பூக்கும். நெகிழித்தாள் போட்ட பந்தலில் வைத்து ஒரு புது ரகத்தின் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 12

மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேயிலைக்கு உகந்த மண் ரோஜாவுக்கு உகந்ததன்று. நீலகிரியின் செம்மண் பல இடங்களில் அமிலத்தன்மை மிகுந்தது. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரையிலான கார அமில நிலை வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவுக்கு டோலமைட் சுண்ணாம்பு இடாமல் எவ்வளவு உரம் கொட்டினாலும் இலை வெளிறியே இருக்கும். வெளிறிய இலையோடு வரும் பூ, தண்டுக்கும் இலைக்கும் உள்ள 20 புள்ளிகளில் பாதியை மேசைக்கு வருமுன்பே இழந்துவிடுகிறது.

வேர்ச்செடியையும், அதாவது ரகத்தின் இலைக்கணு மொட்டை ஒட்டுக் கட்டும் அடிச்செடியையும், விசாரியுங்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலும் மல்டிஃபுளோராவில் மொட்டுக் கட்டுகிறார்கள்; அது நம் புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். வடக்கே எட்வர்ட் ரோஜாவில் கட்டிய செடிகள் வருகின்றன. பசுமைக்குடில் பண்ணைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் நேட்டால் பிரையரில் இருக்கும். ஒரே ரகத்தை இரண்டு வேர்ச்செடிகளில் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தண்டின் தடிமனும் பூவின் பருமனும் கண்ணுக்குத் தெரியும்படி மாறுகின்றன. ‘அந்த ரகம் எங்கள் ஊரில் வராது’ என்ற பேச்சில் பாதி, உண்மையில் வேர்ச்செடியைப் பற்றியது என்பது என் எண்ணம்.

மார்ச் 16

மொட்டுகள் வரத் தொடங்கியிருக்கும். பக்க மொட்டுகளைக் கடுகளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். வளரவிட்டுக் கிள்ளினால் அந்த இடத்தில் கறுத்த தழும்பு நின்று நடுவரின் கண்ணில் படும்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். பலர் ஒரு புது ரகத்தின் மிகச் சிறந்த பூவைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அதையே அந்த ரகத்தின் தகுதியாகக் கொள்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். ஒரு பூப்பில் மொத்தம் எத்தனை பூக்கள் வந்தன, அவற்றில் எத்தனை மேசையில் வைக்கத் தகுந்தவை என்ற விகிதத்தை எழுதுங்கள். இருபது பூக்களில் ஒன்று மட்டும் காண்போரை மயக்கி, மற்றவை கலைந்துபோகும் ரகத்தைவிட, பத்துக்கு ஏழு ஒழுங்காக வரும் ரகமே கண்காட்சியாளருக்கு உதவும். கண்காட்சி நாள் செடியைக் கேட்டு வருவதில்லை. ‘ஜெமினி’யும் ‘டச் ஆஃப் கிளாஸும்’ இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அந்த ஒழுங்குதான்.

இதற்கு அளவுகோலாக, நன்கு அறிந்த ஒரு பழைய ரகத்தைப் புதிய ரகத்தின் பக்கத்திலேயே, அதே வேர்ச்செடியில், அதே கவாத்து நாளில் வைத்திருப்பது அவசியம். அளவுகோல் செடியும் அந்தப் பருவத்தில் கலைந்த பூவையே தந்தால் குற்றம் வானிலையுடையது. அது நன்றாகப் பூத்துப் புதியது மட்டும் கலைந்தால் சந்தேகத்தைப் புதியதன் மேல் வைக்கலாம். ஒரு ரகத்துக்கு ஒரு செடி என்று வைத்து மதிப்பிடுவதும் போதாது. ஒட்டிலேயே ஊனமான செடி ஒன்று ஒரு நல்ல ரகத்தின் பெயரைக் கெடுத்துவிடும்.

அமெரிக்காவில் 1926 முதல், புது ரோஜாக்களை வளர்த்த ரோஜாச் சங்க உறுப்பினர்கள் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப, அவற்றைத் தொகுத்து ஒவ்வொரு ரகத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வெளியிடுகிறார்கள். தோட்டத் தகுதிக்கு ஒன்று, கண்காட்சித் தகுதிக்கு ஒன்று என இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று உயரம் வாரியாக நாமும் அத்தகைய குறிப்பைச் சேர்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அது இல்லாததால்தான் ஒவ்வொருவரும் ஒரே ஏமாற்றத்தைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஏப்ரல் 21

ஜனவரி 19-இல் புள்ளிப் பங்கீட்டை எழுதியபோது இதழின் திண்மையை ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். இந்தப் பருவத்தின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில், நம் ஊர்களுக்கு அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று தோன்றுகிறது. அட்டவணையில் அதற்கு 15 புள்ளிகள்தான். ஆனால் திண்மை தளர்ந்த பூவில் வெளி இதழ் தொங்குகிறது, அதனால் உருவம் போகிறது. பளபளப்பு மங்குகிறது, அதனால் நிறம் போகிறது. ஒரு குறை மூன்று இடங்களில் புள்ளியை இழுத்துச் செல்கிறது.

இதழில் நீரும் மாவுச்சத்தும் நிறைந்திருக்கும்போது அது விறைப்பாக நிற்கும். தொட்டுப் பார்ப்பது நடுவருக்கு முறையன்று என்பதால், அவர் ஒளியை வைத்தே அதை அறிகிறார். வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. பாதி விரிந்த பூவை அதிகாலையில் வெட்டி, தண்டு ஆழமாக மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, அறை வெப்பத்தில் அது எத்தனை மணி நேரம் கண்காட்சி நிலையில் நிற்கிறது என்று கவனியுங்கள். காலையில் பாதியாக இருந்தது மதியத்தில் முழுதும் மலர்ந்துவிட்டால், அந்த ரகத்தை விடியற்காலையில் வெட்டி நடுவர் வரும்வரை காப்பது இயலாது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பூ குளிரை நோக்கிப் போவதால் தாங்குகிறது. அதே பூ கோயம்புத்தூருக்கு இறங்கினால், பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காதவரை, மேட்டுப்பாளையத்திலேயே திறந்துவிடுகிறது. எங்கே காட்டப் போகிறீர்கள் என்பதும் ரகத்தின் மதிப்பீட்டில் ஒரு பகுதி.

உங்கள் மூன்று ரகங்களிலும் இந்தச் சோதனையைச் செய்து எழுதுங்கள்.

ஏப்ரல் 22

வெளிர் நிறப் பூக்களில் மழைத்துளி பட்ட இடம் இளஞ்சிவப்புப் புள்ளியாக நிற்கும். மொட்டு நிறம் காட்டும்போதே மேலே சிறு குடை கட்டிவிடுங்கள். காற்றோட்டம் அடைபடக் கூடாது.

மே 19

கண்காட்சியில் நடுவர்களுக்கு உதவியாக நின்ற வகையில், பூவின் குறையைவிடப் பெயரின் குறையால் விலக்கப்பட்ட பூக்களைப் பார்ப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர் இல்லாமலோ தவறான பெயரிலோ வைத்த பூ மதிப்பீட்டுக்கே வராது. புது ரகங்களில் இந்தச் சிக்கல் பெரிது. ஒரே ரோஜா ஓர் ஊரில் ஒரு பெயரிலும் வேறு ஊரில் வேறு பெயரிலும் விற்கப்படுகிறது. ரகத்தை உருவாக்கியவரின் குறியீட்டுப் பெயரைக் கேட்டு வாங்கினால் குழப்பம் தீரும். அதன் முதல் மூன்று எழுத்துகள் உருவாக்கிய நிறுவனத்தையோ ஆளையோ குறிக்கும். ‘ஜெமினி’க்கு அது ‘ஜேக்நேபால்’. ‘டச் ஆஃப் கிளாஸு’க்கு ‘கிரிகார்லோ’. விற்பவருக்கு அது தெரியாவிட்டால், அந்தச் செடியைத் தோட்டத்துக்காக வாங்குங்கள், கண்காட்சிக்காக வாங்காதீர்கள்.

இலையைத் தண்ணீர் தொட்ட மென்துணியால் துடைக்கலாம். எண்ணெய் தடவினால் அயற்பொருள் என்று விலக்கிவிடுவார்கள். இதழை விரித்து இறக்க இடையில் வைத்த பஞ்சையும் மேசைக்குப் போகுமுன் எடுத்துவிட வேண்டும்.

மே 27

ஓசூரிலிருந்து வரும் கொய்மலர் ரகங்களைக் கண்காட்சிக்கு வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வைக்கத் தடையில்லை. ஆனால் அவை வேறு நோக்கத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நீண்ட நேரான தண்டு, பெட்டியில் அடுக்கத் தோதான மொட்டு, குவளையில் பல நாள் நிற்கும் தன்மை ஆகியவையே அங்கே வேண்டியவை. அவற்றின் இதழ்த் திண்மை சிறப்பானது. அதில் நம் தோட்ட ரகங்கள் பலவற்றை வென்றுவிடும். எனினும் பல ரகங்கள் மொட்டு நிலையிலேயே அழகு காட்டுகின்றன. பாதி முதல் முக்கால் விரிந்த நிலையில் பார்த்தால் பருமனும் போதாது, சுழற்சியும் எளிமையாக இருக்கும். குடிலுக்கு வெளியே வைத்தால் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் தாக்குகின்றன. திண்மைதான் முடிவு செய்கிறது என்று ஏப்ரலில் எழுதினேன். இந்தப் பூக்களைப் பார்த்தபின், திண்மை இல்லாமல் உருவம் நிலைக்காது, உருவம் இல்லாத திண்மைக்கோ மேசையில் வேலையில்லை என்று அதைச் செப்பம் செய்கிறேன்.

ஜூலை 14

மழைக்காலம் தோட்டத் தகுதியைச் சோதிக்கும் பருவம். இலை முழுதும் உதிர்ந்து குச்சியாக நிற்கும் ரகம் அக்டோபர்ப் பூப்புக்குச் சேமிப்பே இல்லாமல் போகும்.

மஞ்சள் ரகங்களில் கரும்புள்ளி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. பிரான்சின் ரோஜா உருவாக்குநர் பெர்னே-டூஷே 1900-இல் வெளியிட்ட ‘சோலெய் தோர்’ மூலமாகத்தான் ரோசா ஃபோட்டிடா என்ற ரோஜா இனத்தின் அடர்மஞ்சள் ஹைப்ரிட் டீ குடும்பத்துக்குள் வந்தது. அந்த நிறத்தோடு நோய்க்கு இணங்கும் தன்மையும் சேர்ந்து வந்தது. கண்காட்சிக்கென்று உருவத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்த பல ரகங்களில் பின்னாளிலும் அந்தப் பலவீனம் நீங்கவில்லை. 1970-இல் ஏ.ஏ.ஆர்.எஸ். விருது பெற்ற ‘ஃபர்ஸ்ட் பிரைஸ்’ பூவுக்கு இணையான உருவம் அரிது; ஆனால் மருந்தில்லாமல் அந்தச் செடியைக் காப்பது கடினம். ஏ.டி.ஆர். சோதனையில் 1997 முதல் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ தெளிப்பதில்லை. அங்கே தேறிய ரகங்களில் நம் மேசைக்கு ஏற்ற உயர்ந்த கூம்பு உள்ளவை குறைவு என்றாலும், அந்தப் பட்டியலைப் பார்த்தே இப்போது வாங்குகிறேன்.

கொடைக்கானலில் வீரராகவன் தம்பதியர் மணிப்பூரின் ரோசா ஜைகான்டியா என்ற காட்டு ரோஜாவைக் கொண்டு வெப்பநாடுகளுக்கேற்ற ரோஜாக்களை உருவாக்கியதை இங்கே சொல்லியாக வேண்டும். அவை கண்காட்சிக் கூம்புக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஆனாலும் நம் வெயிலிலும் மழையிலும் இலை தரித்து நிற்கும் ஒரு கண்காட்சி ஹைப்ரிட் டீ என்றாவது வருமானால், அது அத்தகைய இரத்தத்திலிருந்துதான் வரும் என்று நம்புகிறேன்.

மணத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். பொதுப் பிரிவில் மணத்துக்குப் புள்ளி கிடையாது. எனக்கு அது குறையாகவே படுகிறது. ‘டச் ஆஃப் கிளாஸி’ல் மணம் ஏறக்குறைய இல்லை, அதை வைத்து யாரும் அதன் புள்ளியைக் குறைத்ததில்லை.

அக்டோபர் 20

உங்கள் குறிப்புகளைப் படித்தேன். முதல் ரகம் இரண்டு பூப்பிலும் பாதிக்கு மேல் ஒழுங்காக வந்திருக்கிறது, அறையில் ஒரு பகல் முழுதும் நின்றிருக்கிறது. அதைப் பெருக்கலாம். இரண்டாவதில் ஏப்ரலில் பிளந்த நடு, தழைச்சத்தைக் குறைத்த பிறகு இந்த மாதப் பூப்பில் பெரும்பாலும் சேர்ந்திருக்கிறது என்கிறீர்கள். அதை இருக்குமிடத்திலேயே விட்டு இன்னும் இரண்டு ஏப்ரல் பாருங்கள். மூன்றாவது, குளிரிலும் இதழ் போதாமல் மதியத்துக்குள் மகரந்தம் காட்டுகிறது, ஆனால் மழை முழுதும் இலை உதிராமல் நின்று, ஓயாமல் பூக்கிறது. அதன் கண்காட்சி மதிப்பெண்ணையும் தோட்ட மதிப்பெண்ணையும் தனித்தனியே எழுதுங்கள். பிடுங்கத் தேவையில்லை, வரிசையிலிருந்து எடுத்து வாசலோரம் வையுங்கள்.

பெருக்குவதற்கு, ஒட்டுக் கட்டும் இலைக்கணு மொட்டை எடுக்கும்போது, நல்ல பூ தாங்கிய தண்டின் நடுப்பகுதியிலிருந்து எடுப்பது வழக்கம். பூக்காத குருட்டுக் கிளையிலிருந்து நான் எடுப்பதில்லை. அதைவிட முக்கியமானது, இலையில் மஞ்சள் நெளிகோடுகள் காட்டும் தேமல் நோய் அந்தச் செடியில் இருந்ததா என்பது. அது மொட்டின் வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். ஏப்ரல், மே இலைகளின் படம் இருந்தால் அனுப்புங்கள். பார்த்துவிட்டு மொட்டுக் கட்டலாம்.

அக்டோபர் 23

படங்களில் தேமல் தெரியவில்லை. மல்டிஃபுளோரா குச்சிகளை இந்த மழையிலேயே ஊன்றிவிடுங்கள்; வேர்பிடித்துப் பட்டை எளிதில் உரியும் பருவத்தில் கட்டலாம். பக்கத்தில் ‘ஜெமினி’ ஒன்றையும் அதே குச்சிகளில் கட்டி வையுங்கள். கட்டும் அன்றே ஒவ்வொன்றிலும் பெயர் அட்டையைச் செம்புக் கம்பியால், தளர்வாக, கட்டிவிடுங்கள்.